ஐந்தாவது அறையின் சூடு

நோபல் பார்க்
10-10-1976

அன்புள்ள ராணிக்கு,

நான் நல்ல சுகம். நீரும் பிள்ளையும் அக்கா வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உமக்கு அந்த இருமல் விட்டதோ?

பள்ளிக்கூட விடுமுறைக்கு இரண்டு கிழமை என்று சொல்லி அக்கா வீட்டுக்குப் போனீர். இன்றைக்கு ஆறு கிழமை. வதனியை அங்கேயே பள்ளிக்கூடத்தில் விட்டிருப்பதாக உம்முடைய அத்தான் வரதராஜா அண்ணை எழுதியிருந்தார். நல்லது, படிப்பை விடக்கூடாது. நான் ஒன்றும் பிழையாக எடுக்கவில்லை.

வதனியின் தபாலட்டை கிடைத்தது. எட்டு வயதுக்கு எழுத்து மணி மணியாக இருக்கிறது. என்ன, எல்லாம் இங்கிலீசு. தனக்கு ஒரு பச்சோந்தி வேண்டுமாம், நிறம் மாற வேண்டுமாம், ஆனால் கோபக்காரப் பச்சோந்தி வேண்டாமாம். படமும் கீறியிருக்கிறாள். எங்கள் வீட்டுக் கூரையில் அது குந்தியிருக்கிறது.

நேற்று டண்டினொங்கில் பிராணிகள் விற்கிற கடைக்குப் போனேன். முதன்முதல் வளர்க்கிற பிள்ளைக்கு நல்ல குணமான பச்சோந்தி ஒன்று வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான். இந்த நாட்டுக்குள் பச்சோந்தியைக் கொண்டுவரவே விடமாட்டார்களாம். "எங்களை விட்டினம்தானே" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

நான் விடுவதாக இல்லை, வேறு ஏதும் வழி பார்க்கிறேன் என்று பிள்ளைக்குச் சொல்லும். வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. தேசிக்காய் மரம் பூத்திருக்கிறது. எப்போது வருவீர் என்று எழுதும்.

அன்புடன்
விக்னராஜா


செவன் ஹில்ஸ்
21-10-1976

அன்புள்ள வதனியின் அப்பாவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். எனக்கு இருமல் நின்று ஒரு மாதமாகிறது.

நாளைக்குத் தீபாவளி. அக்கா பயற்றம் பணியாரம் சுடுகிறா. வீடு முழுக்க வாசனை, எனக்கு வாயில் ஒன்றும் உருசிக்கவில்லை.

பச்சோந்தி ஆசை பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் பார்த்து வந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும், கோவிக்காததை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறாள். "கலியாணத்துக்கே அதைக் கண்டுபிடிக்கேலாது பிள்ளை" என்றார் அத்தான். அக்கா விழுந்து விழுந்து சிரித்தா. நான் குசினிக்குள் போய்விட்டேன்.

எப்போது வருவாய் என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியாது. வருகிற வருஷத்துக்கும் பிள்ளையை இங்கேயே பதியலாம் என்கிறார் அத்தான். தை மாதக் கடைசிக்குள் படிவம் கொடுக்க வேண்டுமாம். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இங்ஙனம்
யோகராணி


நோபல் பார்க்
2-11-1976

அன்புள்ள ராணி அறிவது,

நான் சுகம். உம்முடைய கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அவ்வளவுக்கு அதில் ஒன்றும் இல்லை, ஆனாலும் வாசித்தேன்.

நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தேன். வதனிக்குச் சொல்லும், பச்சோந்தி நிறம் மாறுவது ஒளிந்துகொள்ள மட்டும் இல்லையாம். பயந்தால், கோவித்தால், யாரும் தொட்டால்கூடக் கறுத்துப்போகுமாம். சத்தம் போடாது, உள்ளுக்குள்ளேயே எரிந்து கறுப்பதுதான். கையில் வைத்துத் தடவ ஏற்ற பிராணியே இல்லை. ஆகவே கிடைக்காமல் போனதும் ஒரு வகையில் நல்லதுதான்.

பக்கத்து வீட்டு இத்தாலிக்காரக் கிழவன் பிராங்கோவை ஞாபகம் இருக்கிறதா, வேலியால் தக்காளி தருகிறவன்? அவனுடைய தோட்டத்தில் ஒரு முழ நீளத்தில் ஒன்று நத்தை தின்றுகொண்டு திரிகிறது. மை குடித்தது போல நாக்கு நல்ல நீலம். வளர்ப்பதற்கு அரசாங்கக் கடதாசியும் வைத்திருக்கிறான், எனக்கும் எடுத்துத் தருவானாம். நன்றாகப் பழகுமாம், இருபது வருஷம் உயிரோடு இருக்குமாம். இப்போது அது சினை. முட்டை இடாது, குட்டிதான் போடும். மார்கழிக் கடைசியில், நத்தார் அளவில் போடும், அப்போது வந்து நல்ல குணமாக ஒன்றைத் தெரிந்தெடு என்கிறான். பயப்படாதேயும், அது அரணைச் சாதிதான்.

இன்னொரு புதினம். 23ஆம் திகதி பின்னேரம் இங்கே முழுச் சூரிய கிரகணம். ஐந்து மணிகூட ஆகவில்லை, ஊரே இருண்டுபோனது. பிராங்கோ கிரகணம் பார்க்க மகள் வீட்டுக்குப் போயிருந்தான். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, வேலியைத் தாண்டிப் போய் அந்தச் சினை அரணையின் பொந்தை ஒரு சாக்கால் மூடிவிட்டு, வெளிச்சம் திரும்பும்வரை பக்கத்திலேயே நின்றேன். வயிற்றில் இருப்பதற்குக் கிரகணம் படக்கூடாதல்லவா. வேலை இடத்தில் கேள்விப்பட்டால் சிரிப்பார்கள். உமக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

என்றும் அன்புடன்
விக்னராஜா


செவன் ஹில்ஸ்
20-11-1976

வதனியின் அப்பாவுக்கு எழுதிக்கொள்வது,

எனக்கும் பிள்ளைக்கும் சுகத்தில் குறைவில்லை. உங்கள் சுகத்தையும் எழுதுங்கள்.

அரணைச் சாதி, பயப்படாதேயும் என்று எழுதியிருக்கிறீர்கள். அரணை நக்கினால் மரணம் என்று எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கம்பனியில் இயந்திரப் படம் கீறுகிறவருக்குத் தெரியாமல் போய்விட்டதா? வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டு குத்துது குடையுது என்ற கதைதான் இது. எனக்கு எது வந்தாலும் பரவாயில்லை, நான் இருந்தென்ன போயென்ன. பிள்ளைக்கு ஒன்று வந்தால் தாங்கமாட்டேன்.

வதனிக்கோ நீல நாக்கு என்றதும் பச்சோந்தி மறந்துவிட்டது. பேனை மையை நாக்கில் பூசிக்கொண்டு அத்தானை நக்கப் போனாள்.

ஒன்றை எழுதாமல் விட மனம் வரவில்லை. சினை அரணைக்குச் சாக்குப் போட்டுவிட்டுக் காவல் நின்றீர்களாம். நான் ஒன்பது மாதம் சுமந்தபோது ஒரு பின்னேரம் பக்கத்தில் நின்றீர்களா? ஓவர்டைம், ஓவர்டைம். போன பங்குனியில் பிள்ளை செத்துப் பிறந்து, நான் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து படுத்த அன்றும் நீங்கள் சிப்டுக்குப் போனீர்கள். சாப்பாட்டுப் பெட்டியைக்கூட மறக்கவில்லை.

யோகராணி


நோபல் பார்க்
28-11-1976

அன்புள்ள ராணிக்கு,

சுகம். உம்முடைய கடிதம் கிடைத்தது. அதற்கு யோசித்துப் பதில் எழுத வேண்டும்.

அதற்கிடையில் பெட்டி அடிக்கத் தொடங்கியிருக்கிறேன். நாலு அடி நீளம், இரண்டு அடி அகலம், முன்னுக்குக் கண்ணாடி. இந்தப் பிராணிகளுக்குச் சொந்தச் சூடு கிடையாது. வெயில் கிடைக்காவிட்டால் சாப்பிட்டதும் செமிக்காது, குணமும் கெட்டுப்போகும் என்கிறான் பிராங்கோ. பகலில் முப்பது பாகையாவது வேண்டுமாம். வேலை இடத்து வெப்பமானியைக் கொண்டுவந்து இன்றைக்கு மத்தியானம் ஒவ்வொரு அறையிலும் அரை மணித்தியாலம் வைத்துப் பார்த்தேன். குசினி 21. ஹோல் 19. எங்கள் அறை 17, வதனியின் அறை 18. ஒன்றும் போதாது. மின்குமிழ் பூட்டலாமா என்று யோசிக்கிறேன்.

அரணை நக்கி யாரும் செத்ததாக எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதற்கு விஷமே கிடையாது. உமக்காக மூன்று புத்தகம் பார்த்துவிட்டேன்.

பிள்ளைக்கு என் முத்தங்கள்.

விக்னராஜா


செவன் ஹில்ஸ்
5-12-1976

வதனியின் அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம்.

நாலு அறையின் சூட்டை எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் அறை ஐந்து.

சின்ன அறைக்கு வடக்கு யன்னல், இந்த நாட்டில் வெயில் வடக்குப் பக்கம்தான். காலை ஒன்பது மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் வெயில் விழும். அதனால்தான் தொட்டிலை அங்கே போடச் சொன்னேன். மஞ்சள் திரையும் நான் தைத்ததுதான். நான் ஆஸ்பத்திரியால் வர முதலே நீங்கள் அந்த அறையைப் பூட்டிச் சாவியைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டீர்கள். எனக்கு நல்லது செய்வதாக நினைத்திருப்பீர்கள். ஐந்து மாதம் அந்தப் பூட்டிய கதவைக் கடந்துதான் நான் குசினிக்குப் போய் வந்தேன். ஒரு தரம் திறவுங்கோ, பக்கத்திலை இருங்கோ என்று எத்தனை நாள் கேட்டேன்? நீங்கள் பேப்பர் வாசித்தீர்கள்.

அவனைப் பார்த்தது நீங்கள் ஒருவர்தான். எனக்கு அவர்கள் காட்டவில்லை. முகம் எப்படி இருந்தது என்று நான் கேட்டேன். உலகத்தில் வேறு யாரிடம் அதைப் போய்க் கேட்பேன்? அதற்காகத்தான் இங்கே வந்தேன், விடுமுறைக்கு இல்லை. அது உங்களுக்கும் தெரியும்.

அத்தான் படிவம் கொண்டுவந்து அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறார்.

யோகராணி


நோபல் பார்க்
26-12-1976

அன்புள்ள ராணிக்கு,

எனக்குச் சுகம்தான். மூன்று கிழமையாகப் பதில் எழுதவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். நத்தாருக்குக் கம்பனி பூட்டிவிட்டார்கள். வீட்டில் பேச ஆளில்லாமல் வானொலியைப் போட்டுவிட்டு அறைக்கு அறை நடக்கிறேன்.

அரணை பதினொரு குட்டி போட்டது. போட்டதும் திரும்பியும் பாராமல் நத்தை தேடப் போய்விட்டதாம், அதன் வழக்கம் அதுதான். நேற்றுத் தெரிந்தெடுக்கப் போனேன். பிராங்கோ எல்லாவற்றையும் ஒரு தகரத் தொட்டிக்குள் விட்டிருந்தான். எல்லாவற்றிலும் பெரிதை முதலில் காட்டினேன். அது உடம்பை ஊதிக்கொண்டு சீறியது. அது வேண்டாம் என்றான். மூலையில் ஒன்று அசையாமல், சத்தம் போடாமல் படுத்திருந்தது. சாதுவாக இருக்கிறதே, இதை எடுக்கிறேன் என்றேன். பிராங்கோ தலையில் அடித்துக்கொண்டான். "சத்தம் போடாததெல்லாம் நல்ல குணம் என்று நினைக்காதே. அதற்குச் சுகமில்லை" என்றான்.

பிறகு என் சின்ன விரலைத் தொட்டிக்குள் நீட்டச் சொன்னான். நீட்டிக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டுமாம், தானாக வருவதுதான் எங்களுடையதாம். கால் மணித்தியாலம் குந்தியிருந்தேன், கால் விறைத்துவிட்டது. வாலில் ஒரு வெள்ளைக் கோடு உள்ள குட்டி மெதுவாக வந்து, என்னை நிமிர்ந்து பார்த்து, விரலை நக்கியது. நான் குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வெயிலில் கிடந்ததால் உடம்பு சூடாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை இன்றைக்கு எழுத முடியவில்லை.

பெட்டியை வெயில் விழுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். முப்பத்தொரு பாகை. வதனி வந்து பேர் வைக்கட்டும்.

விக்னராஜா


தந்தி
செவன் ஹில்ஸ், 30-12-1976

அரணை நக்கிய விரலை உடனே டாக்டரிடம் காட்டவும். பதில் தந்தி அடிக்கவும். ராணி.


செவன் ஹில்ஸ்
31-12-1976

வதனியின் அப்பாவுக்கு,

சாகவில்லை என்ற உங்கள் தந்தி காலையில் வந்தது. நேற்றுத் தபாற்கந்தோருக்கு அக்காவின் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடினேன், இரண்டும் இடது கால். அவ்வளவு பயம். இருந்தென்ன போயென்ன என்று எழுதியவள் நான். உங்களுக்கு ஒன்று என்றதும் தந்தியை இரண்டு தரம் பிழையாக எழுதிக் கிழித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

தந்தி அடித்துவிட்டுத் திரும்பி வரும்போதுதான் முப்பத்தொரு பாகை என்ற வரி மண்டையில் ஏறியது. அந்த வீட்டில் அவ்வளவு சூடு வருகிற அறை ஒன்றுதான்.

நான் அழுது கேட்டுத் திறக்காத கதவை ஒரு அரணைக்குத் திறந்திருக்கிறீர்கள். அதை என்னிடம் சொல்லாமல் வெயில் விழுகிற இடம் என்று பூசி மெழுகியிருக்கிறீர்கள். தொட்டிலை என்ன செய்தீர்கள்? அதை உடைத்துத்தான் பெட்டி அடித்தீர்களா? அப்படியானால் எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

சத்தம் போடாத பிள்ளை, நல்ல குணம் என்று சொல்லித்தான் அம்மா என்னை உங்களுக்குக் கட்டிக்கொடுத்தா. பிராங்கோவை அன்றைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

நாளைக்கு வருஷம் பிறக்கிறது. திங்கட்கிழமைக்குப் பிறகு படிவத்தில் கையெழுத்து வைப்பேன்.

யோகராணி


நோபல் பார்க்
4-1-1977

என் அன்புள்ள ராணிக்கு,

இதை எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன். வாசிக்க முதல் படிவத்தில் கையெழுத்து வைக்காதேயும்.

தொட்டிலை உடைக்கவில்லை. நீர் விட்ட இடத்தில்தான் நிற்கிறது. வெள்ளைப் போர்வையும் அதற்குள் மடித்தபடி இருக்கிறது, தூசி தட்டி வைத்திருக்கிறேன். பெட்டியை அதற்குப் பக்கத்தில் யன்னலோடு வைத்திருக்கிறேன்.

நீர் வெப்பமானிக் கணக்கைப் பிடித்த பிறகு பத்து நாள் அந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். குட்டி வீட்டுக்கு வருகிறது, வேறு அறையில் வைத்தால் செத்துப்போகும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லித்தான் திறந்தேன். உமக்காகத் திறந்தால் நீர் கேட்டதைச் சொல்ல வேண்டி வரும். அரணை ஒன்றும் கேட்காது. அதுதான் உண்மை. நான் கோழை, ராணி. நல்ல குணம் இல்லை.

அன்றைக்குத் தாதி அவனை ஒரு வெள்ளைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தா. தாய் பார்க்காமல் விடுவதுதான் நல்லது, மறந்துபோவா என்றா. நான் தலையாட்டினேன். என்னுடைய வாழ்நாளில் நான் செய்த பெரிய பிழை அந்தத் தலையாட்டல்தான். பிறகு எந்த முகத்தோடு உமக்குச் சொல்வது? சிப்டுக்குப் போனதும் அதனால்தான். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தேன்.

அவன் உம்மைப் போல. நெற்றி உம்முடையது. புருவம் இரண்டும் நடுவில் முட்டுகிற மாதிரி, உமக்குக் கோபம் வந்தால் இருக்குமே, அப்படி. தலை நிறையக் கறுத்த மயிர், ஈரம் காயவில்லை. நாடியில் என்னுடைய குழி. வலது காது மடங்கியிருந்தது, நான்தான் நிமிர்த்தி விட்டேன். கையை மூடி வைத்திருந்தான். என் சின்ன விரலை அதற்குள் விட்டுப் பார்த்தேன். அவன் பிடிக்கவில்லை. கை குளிர்ந்திருந்தது. இரண்டு நிமிஷம்கூட இருக்காது, தாதி வாங்கிக்கொண்டு போய்விட்டா.

குட்டி நக்கியதும் அதே விரலைத்தான். பிராங்கோவின் தோட்டத்தில் முழங்காலில் விழுந்து சத்தம் போட்டு அழுதேன். கிழவன் தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நின்றான். ஒன்பது மாதமாக வராத அழுகை. அது உமக்குப் பக்கத்தில் இருந்து அழ வேண்டிய அழுகை.

இப்போது பின்னேரங்களில் அந்த அறைக்குள் நிலத்தில் இருக்கிறேன். தொட்டிலைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். அரணை என் சப்பாத்தில் ஏறிப் படுக்கும்.

சாவியை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். வேறு சாவி இல்லை. இனி என்னால் அந்தக் கதவைப் பூட்ட முடியாது. குட்டியும் வீடு முழுக்கத் திரிகிறது. வந்தால் காலைப் பார்த்து வையும்.

உம்முடைய
விக்னராஜா


செவன் ஹில்ஸ்
9-1-1977

அன்புள்ள வதனியின் அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

சாவி கிடைத்தது. தாலிக்கொடியில் கோத்திருக்கிறேன். அக்கா இது என்ன கோலம் என்று கேட்டா, சொன்னேன்.

உங்கள் கடிதத்தை மூன்று நாளாக வாசிக்கிறேன். காது மடங்கியிருந்தது என்ற இடத்துக்கு மேலே ஒரே மூச்சில் போக முடியவில்லை. நீங்கள் நிமிர்த்தி விட்டீர்களே, அது போதும். அந்தத் தலையாட்டலை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்க நாள் எடுக்கும். அதை அங்கே வந்திருந்துதான் செய்ய வேண்டும், இங்கே அக்காவின் குசினியில் முடியாது.

கண்ணாடிக்கு முன்னால் நின்று புருவத்தைச் சுருக்கிப் பார்த்தேன். வதனி கண்டுவிட்டு, ஏன் அம்மா கோபம் என்று கேட்டாள். கோபமில்லை, தம்பியின் முகத்தைப் பார்க்கிறேன் என்றேன். "எனக்கும் காட்டுங்கோ" என்றாள். இரண்டு பேரும் நின்று பார்த்தோம்.

படிவத்தை அக்கா பழைய பேப்பரோடு அலுமாரித் தட்டில் விரித்துவிட்டா. வியாழக்கிழமை ரயில் ஏறுகிறோம். பொங்கலன்று காலை ஸ்பென்சர் ஸ்ட்ரீட் ஸ்டேஷனுக்கு வாருங்கள். பொங்கல் பானையைச் சின்ன அறை யன்னலுக்கு வெளியே வைக்கலாம், அங்கேதான் வெயில்.

அவனுக்கு நான் ஒரு பேர் வைத்திருந்தேன். யாருக்கும் சொல்லவில்லை. வந்து சொல்கிறேன்.

அரணையை மட்டும் நான் வரும்போது பெட்டிக்குள் விட்டு மூடி வையுங்கள். விஷமில்லை என்று மூன்று புத்தகம் சொல்லட்டும். என்னை நக்க விடாதீர்கள். எனக்கு இன்னும் கொஞ்சக் காலம் உயிரோடு இருக்க வேண்டும்.

ராணி